மாடத்தில் நிற்கும் மனிதர்: பூபேன் கக்கரின் ஓவியங்களில் தன்னடையாளமும் தன்மாற்றமும்

2016ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் நவம்பர் 6 வரை, இலண்டன் மாநகரின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் இந்திய ஓவியர் பூபேன் கக்கரின் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. அவர் 1934இல் பிறந்து 2003இல் மறைந்தவர். அவர்தம் வாழ்நாள் படைப்புகளை ஒருசேரக் காட்டிய அக்கண்காட்சிக்கு, 1981இல் அவர் தீட்டிய ஓர் ஓவியத்தின் பெயரையே தலைப்பாகச் சூட்டியிருந்தனர். 'யூ காண்ட் பிளீஸ் ஆல்' என்பது அப்பெயர். 'எல்லாரையும் மகிழ்விக்க முடியாது' எனத் தமிழில் கூறலாம். பெயரைக் கேட்ட அளவில், கழுதையை ஓட்டிச் சென்ற தந்தையும் மகனும் நம் நினைவுக்கு வருவர். தொடக்கப்பள்ளியிலேயே நாம் கேட்ட கதைதான். தந்தை ஏறினால் மகன்பால் இரக்கமற்றவர் என்றும், மகன் ஏறினால் முதியவரை மதியாதவன் என்றும், இருவரும் ஏறினால் வாயில்லாச் சீவனை வதைப்பவர் என்றும், இருவரும் நடந்தால் மூடர் என்றும் ஊர் பேசும். ஊரின் வாய்க்கு அஞ்சிக் கழுதையையே தோளில் சுமந்து, முடிவில் அதனையும் இழந்து நிற்பர். இந்தச் சிறுவர் கதையை ஓர் ஓவியர், தம் நாற்பத்தேழாம் வயதில், தம் வாழ்வில் சொல்வதற்கு மிகவும் அரிதாக இருந்த ஒன்றைச் சொல்வதற்காக எடுத்துக்கொண்டார் என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

கவிஞர்களும் கவிதை ஆர்வலரும் கூடும் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் ஓவியர் ஒருவரின் வரலாறு எதற்கு என அன்பர் சிலர் வினவக்கூடும். கக்கர் குஜராத்தி மொழியில் சிறுகதையும் நாடகமும் எழுதியவர் என்பது ஒரு காரணம். அதனினும் முதன்மையான காரணம் வேறொன்று. தன்மை இடத்தில் நின்று ஒருவர் எழுதும்போது, அந்த 'நான்' யார் என்னும் வினா எந்தக் கவியரங்கிலும் எழாமல் இருப்பதில்லை. எழுதியவர் பெண்ணாயின் அவ்வினா இன்னும் உரக்க எழுகின்றது. கவிதையை விட்டுவிட்டுக் கவிஞரின் இல்லத்தைத் துருவத் தொடங்கிவிடுகின்றோம். இந்த வினாவை வண்ணத்தில் எதிர்கொண்டவர் கக்கர்.

பம்பாயின் கேத்வாடிப் பகுதியில் வாழ்ந்த ஒரு நடுத்தரக் குஜராத்திக் குடும்பத்தில், 1934 மார்ச் 10ஆம் நாள் அவர் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் வணிகவியலும் பயின்று, பின்னர்ப் பட்டயக் கணக்கராகத் தகுதி பெற்றார். அக்குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் அவரே. அத்தகைய வீட்டில் கணக்கர் வேலை என்பது ஒருவருடைய பிழைப்பு மட்டுமன்று. குடும்பம் முழுவதும் பற்றி நிற்கும் கொழுகொம்பு. 1958இல் கவிஞரும் ஓவியருமான குலாம் முகம்மது ஷேக்கின் நட்பு வாய்த்தது. அவர் ஊக்குவிக்க, 1962இல் கக்கர் பம்பாயை விட்டுப் பரோடாவுக்குப் பெயர்ந்தார். மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் அவர் சேர்ந்தது ஓவிய மாணவராக அன்று. கலைத் திறனாய்வு மாணவராக. தூரிகைப் பழக்கத்தைப் பெரிதும் தாமாகவே வளர்த்துக்கொண்டார். வருவாய்க்காக அவ்வூர்ப் பொறியியல் நிறுவனம் ஒன்றில் பகுதிநேரக் கணக்கராகப் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். பேரேட்டைப் பிடித்த கையே தூரிகையையும் பிடித்தது. இந்த இரட்டை வாழ்க்கையை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காக நாணவும் இல்லை. சல்மான் ருஷ்தி 1995இல் வெளியிட்ட 'தி மூர்'ஸ் லாஸ்ட் சை' என்னும் புதினத்தில், கணக்கராக இருந்துகொண்டே ஓவியம் தீட்டும் ஒரு பாத்திரம் கக்கரை நினைந்து படைக்கப்பட்டதே. கக்கரும் அதே ஆண்டில் ருஷ்தியின் உருவத்தைத் தீட்டினார். அவ்வோவியம் இலண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் உள்ளது.

பரோடா நுண்கலைப் புலம் 1950இல் தொடங்கப்பெற்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, பின் சாந்திநிகேதனம் சேர்ந்த கே.ஜி. சுப்பிரமணியன் அங்கே ஆசிரியராக இருந்தார். நாட்டுப்புறக் கைவினைகளையும் கடைத்தெருப் படங்களையும் இழிவாக நோக்காத ஒரு கண்ணை அப்புலம் தன் மாணவர்க்கு அளித்தது எனலாம். கக்கர் அக்கண்ணை எவரையும்விடத் துணிவாகப் பயன்படுத்தினார். 1965இல் பம்பாய் ஜஹாங்கிர் கலைக்கூடத்தில் நிகழ்ந்த அவருடைய முதல் தனிக்கண்காட்சியில் இடம்பெற்றவை, நாள்காட்டிகளிலும் பூசை அறைகளிலும் காணப்படும் கடவுளர் படங்களை வெட்டி ஒட்டி, அவற்றின்மேல் வண்ணம் பூசி உருவாக்கிய ஒட்டோவியங்கள். கற்றவர் முகம் சுளிக்கும் பொருள்களே அவருக்குக் கருப்பொருளாயின. சில ஆண்டுகளில் ஒட்டுவதை விட்டு எண்ணெய் வண்ணத்துக்கு வந்தார்.

1972இல் நிகழ்ந்த ஒரு கண்காட்சிக்கு அவர் அச்சிட்ட கையேடு, இந்தியக் கலைஞர் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே வெளியிட்ட குறும்பு நூல்களுள் தலையாயது. அதன் பெயர், 'உண்மையே அழகு, அழகே கடவுள்' என்னும் பொருளுடையது. அந்நாளில் ஒவ்வோர் ஓவியரும் தம் கையேட்டில் மெய்ப்பொருள் பேசிக்கொண்டிருந்ததை எண்ணி நோக்கினால் கிண்டல் விளங்கும். கையேட்டினுள் கக்கர் தம்மைப் பல கோலங்களில் ஒளிப்படமாக எடுத்து வெளியிட்டிருந்தார்: உடற்கட்டு வீரராக, பற்பசை விளம்பரத்தின் புன்னகையாளராக, துப்பாக்கி ஏந்திய ஜேம்ஸ் பாண்டாக. முறைப்படி பார்த்தால் இவை வேடிக்கைகள். ஆயினும், 'நான் யார்' என்று நேராகக் கூற இயலாத ஒருவர், தாம் அல்லாத பலராக நின்று காட்டிய முதல் ஒத்திகை இது என்றே எனக்குத் தோன்றுகின்றது. வேடம் புனைவோர் எல்லாரும் ஒளிந்துகொள்பவர் அல்லர்; சிலர் வேடத்தின் வழியே வெளிவரப் பழகுகின்றனர்.

அதே 1972ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அவருடைய பெயரை நிலைநிறுத்திய தொழிலாளர், சிறுகடைக்காரர் ஓவியங்கள் தோன்றின. 'ஜனதா வாட்ச் ரிப்பேரிங்', 'டீலக்ஸ் டெய்லர்ஸ்', 'உதவிக் கணக்கர் திரு. ஐ.எம். பட்டேல்', 'ஆலை வேலைநிறுத்தம்' ஆகியவை 1972ஐச் சேர்ந்தவை. முடிதிருத்தகம் ஒன்றைக் காட்டும் ஓவியம் 1973இல் தீட்டப்பட்டது. இவற்றில் வரும் மனிதர் எவரும் வீரர் அல்லர். வறுமையின் சின்னங்களாகக் கண்ணீர் வரவழைப்போரும் அல்லர். கடிகாரம் பழுதுபார்ப்பவர் தம் கடிகாரங்களுக்கு நடுவே இருக்கின்றார். தையற்காரர் தம் துணிகளுக்கு நடுவே இருக்கின்றார். நிழற்பட நிலையத்தில் மூச்சை அடக்கி நிற்பவர் போன்ற ஒரு விறைப்பு அவர்களிடம் உண்டு. பின்னணியில் தட்டையான இளநீலமும் பச்சையும் இளஞ்சிவப்பும். கடையின் பெயர்ப்பலகை மட்டும் தெளிவாக, முழுமையாக, எழுத்துப் பிழைக்கும் இடமளிக்கும் அன்போடு எழுதப்பட்டிருக்கும்.

இவ்விடத்தில் நம் நாட்டுச் செய்தி ஒன்றை நினைவுகூர வேண்டியுள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும், கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்க்காகத் தஞ்சை ஓவியர்கள் தொகுதி தொகுதியாகப் படம் தீட்டினர். குயவரும் மனைவியும், நெசவாளரும் மனைவியும் எனச் சாதி, தொழில் அடிப்படையில் இணை இணையாக மக்களை நிறுத்திக் காட்டிய படங்கள் அவை. 'கம்பெனி ஓவியம்' எனக் கலை வரலாற்றில் வழங்கும் இம்மரபு இந்தியாவின் பல நகரங்களிலும் இருந்தது. கக்கர் இவ்வோவியங்களை விரும்பி நோக்கியவர். அவருடைய தொழிலாளர் படங்களில் அவற்றின் சாயல் வெளிப்படை. ஆனால் கம்பெனி ஓவியத்தில் நிற்பவர் ஒரு 'வகை'. அவருக்குப் பெயர் கிடையாது. கக்கரின் கித்தானில் நிற்பவர்க்குக் கடை உண்டு, பெயர்ப்பலகை உண்டு, சில வேளைகளில் 'திரு.' என்னும் அடைமொழியோடு முதலெழுத்துகளும் உண்டு. ஆட்சியாளர் பட்டியலிட்ட மனிதர்க்கு ஓர் உதவிக் கணக்கரின் நண்பர் பெயர் கொடுத்தார். இதனைச் சிறு மாற்றம் என்று கருதுவோர் அரசு அலுவலகத்தின் நீண்ட வரிசையில் ஒருநாளும் நின்றறியாதவராக இருத்தல் வேண்டும்.

உருவ ஓவியம் அக்காலத்தில் நாகரிகம் குன்றியதாகக் கருதப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அறுபதுகளில் இந்திய ஓவிய உலகின் பெரும்பகுதி அருவத்தையும் குறியீட்டையும் நோக்கிச் சென்றது. சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் சொற்களும் குறியீடுகளும் நிறைந்த தம் ஓவிய வரிசையைத் தொடங்கினார். 1966இல் சோழமண்டலக் கலைஞர் கிராமம் உருவானது. அதன் பெருமையைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் அத்தகைய ஓவியங்களில் இந்தியத் தன்மை மிகுதியாக இருந்த அளவுக்கு இந்தியர் இல்லை என்னும் மனக்குறை பரோடாவைச் சூழ்ந்திருந்த சிலருக்கு உண்டாயிற்று. 1981 நவம்பரில் பம்பாய் ஜஹாங்கிர் கலைக்கூடத்திலும் அதனையடுத்துப் புதுதில்லியிலும் நிகழ்ந்த 'பிளேஸ் ஃபார் பீப்பிள்' என்னும் கண்காட்சி அம்மனக்குறையின் வெளிப்பாடாகும். மக்களுக்கான இடம் என்னும் பெயரே ஓர் அறைகூவல். கக்கர், ஷேக், விவான் சுந்தரம், நளினி மலானி, சுதிர் பட்வர்தன், ஜோகன் சவுத்ரி ஆகிய அறுவர் அதில் பங்கேற்றனர். மனித உருவத்தின் சார்பில் கட்சி கட்டி வாதிடும் கட்டுரை ஒன்றைக் கீதா கபூர் கையேட்டுக்கு எழுதினார். அறுவருள் சிலர் இடதுசாரிச் சிந்தனையோடு வந்தனர். ஆலைத் தொழிலாளரும் நகர நெரிசலும் அவர்தம் கித்தானில் இடம்பெற்றன. கக்கருக்குக் கொள்கை முழக்கம் இல்லை. மக்களுக்கு இடம் கேட்ட அந்த வேளையில், அம்மக்களுள் ஒருவராகத் தமக்கும் ஓரிடம் கேட்கும் துணிவு அவருக்கு வந்திருந்தது.

அத்துணிவு வந்த வழியைக் காண்போம். கக்கர் ஆண்களை விரும்பும் இயல்புடையவர். நெருங்கிய நண்பர் அறிந்திருக்கலாம். வீடு அறியாது, அறிந்தாலும் பேசாது. 1860இல் இயற்றப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அவ்வியல்பைக் குற்றமாக்கியிருந்தது. 1970களின் நடுவில் இங்கிலாந்து ஓவியர் ஹோவர்ட் ஹாட்ஜ்கின் இந்தியா வந்தபோது அவருடன் நட்பு ஏற்பட்டது. 1979இல் கக்கர் இங்கிலாந்து சென்று அவருடன் தங்கினார். பாத் கலைப்பள்ளியில் சில காலம் கற்பித்தார். 377ஆம் பிரிவை நமக்கு எழுதித் தந்த அதே நாட்டில், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1967இலேயே அத்தகைய உறவு குற்றமெனக் கருதப்படுவது பெருமளவு நீக்கப்பட்டிருந்தது. ஆணும் ஆணும் இணைந்து, அஞ்சாமல், அண்டை வீட்டார் அறிய வாழ்வதை அவர் அங்கே நேரில் கண்டார். 'மதுக்கடையில் மனிதன்' என்னும் அக்கால ஓவியத்தில் குளிரும் தனிமையுமே மேலோங்கி நிற்கின்றன. இங்கிலாந்து அவருக்கு விடுதலையை அளித்தது என்று எழுதுவோர் அவ்வோவியத்தை ஒருமுறை ஊன்றிப் பார்த்தல் நலம். நாடு திரும்பிய பின், 1980இல் தாயார் மறைந்தார். யாருடைய மனம் நோகும் என்று அவர் அஞ்சினாரோ, அம்மனம் இப்போது இல்லை. துயரமும் ஒருவகை விடுபாடும் ஒரே வாயிலில் வந்து நிற்பதைப் பெற்றோரை இழந்தவர் அறிவர்.

இதன்பின் 1981இல் தீட்டப்பட்டதே 'எல்லாரையும் மகிழ்விக்க முடியாது'. ஏறத்தாழ 176 சென்டிமீட்டர் சதுரக் கித்தான்; எண்ணெய் வண்ணம். மாலைப் பொழுதின் நீலம் படர்ந்த ஒரு சிற்றூர் அல்லது புறநகர். மாடத்தின் கைப்பிடிச் சுவரருகே ஆடையற்ற ஆண் ஒருவர், ஆளுயர அளவில் நிற்கின்றார். கீழே தந்தையும் மகனும் கழுதையும் செல்கின்றனர். ஒரே சட்டத்துக்குள் அவர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றனர். கதையின் முன்னும் பின்னும் ஒரே வெளியில் நிகழ்கின்றன. காலத்தை இவ்வாறு ஒரே பரப்பில் விரிக்கும் முறையை இத்தாலியின் சியெனா நகரத்துப் பழைய ஓவியர்களிடமும் நம் நுண்ணோவியங்களிலும் காணலாம். கக்கர் இரண்டையும் அறிந்தவர். ஊர்க்கதை கீழே ஓடிக்கொண்டிருக்கின்றது. மாடத்து மனிதர் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றார். அவர் ஓவியரே என்பது எல்லாத் திறனாய்வாளரும் ஒப்பும் செய்தி.

இதனைத் தன்னறிவிப்பு ஓவியம் என்பர். அறிவிப்புத்தான், ஆனால் எத்தகைய அறிவிப்பு? அவர் நம்மை நோக்கவில்லை. நமக்குக் காட்டுவது பெரிதும் முதுகையே. முதுகு காட்டுதல் நம் புறப்பொருள் மரபில் இழுக்கு. புறமுதுகு என்னும் சொல்லைக் கேட்டாலே நமக்குத் தோல்வி நினைவு வரும். இங்கே அது தோல்வியன்று. பார்ப்பவர்க்குத் தம் உடலை முழுவதும் ஒப்படைத்துவிட்டு, பார்வையை மட்டும் தமக்கென வைத்துக்கொள்கின்றார். 'என்னைப் பாருங்கள்' என்று அவர் கூறவில்லை. 'நான் பார்த்துக்கொண்டிருக்கின்றேன்' என்கின்றார். தையற்காரரையும் கடிகாரக்காரரையும் பத்தாண்டுகள் பார்த்துத் தேர்ந்த அதே பார்வை. ஓவியத்தில் துணிவு அம்மணத்தில் இருப்பதாக நான் எண்ணவில்லை. மேலை ஓவிய மரபில் அம்மணத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஆடையின்றி அமைதியாக நிற்க முடிந்ததில் இருக்கின்றது அத்துணிவு.

அகத்திணையில் தலைவன், தலைவியர்க்குப் பெயர் சுட்டலாகாது என்னும் தொல்காப்பிய மரபை இங்கே நினைத்துக்கொள்கின்றேன். கக்கருக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க வழியில்லை, ஒப்புமை என்னுடையது. கடைத்தெருவில் நிற்பவர்க்கெல்லாம் பெயர்ப்பலகை எழுதிய அவர், காதலையும் காமத்தையும் தீட்டத் தொடங்கியபோது பலகைகளைக் கழற்றிவிட்டார். 1982இல் தீட்டிய 'பனாரசில் இரு ஆண்கள்' என்னும் ஓவியத்தில், ஆடையற்ற இருவர் பெரிய உருவில் தழுவி நிற்கின்றனர். அவர்களுக்கு அருகே, சிறிய உருவில், கங்கைக்கரையின் வழிபாடும் துறவியரும் அன்றாடமும். இருவருக்கும் பெயரில்லை. தனித்த இருவரின் கதையாக அது சுருங்காமல் இருப்பது அதனாலேயே. சட்டம் அச்சுறுத்திய காலத்தில் பெயர் மறைப்பது பாதுகாப்பும்கூட என்பதை மறக்கலாகாது. ஆனால் காரணம் அச்சம் மட்டுமாயின் அவர் இவ்வளவு பெரிய கித்தானில் தீட்டியிரார்.

புனித நகரத்தையும் உடல் வேட்கையையும் அருகருகே வைத்தது சிலரைப் புண்படுத்திற்று. கக்கர் சமயத்தை எள்ளினார் என்று கூறுவது பிழை. பரோடாவின் பஜனைக் கூட்டங்களிலும் சத்சங்கங்களிலும் கலந்துகொண்டவர் அவர். ஆண்கள் மட்டுமே கூடி, தோளோடு தோள் உரசிப் பாடி உருகும் அந்த அவைகளில் அன்பு எங்கே முடிகின்றது, பத்தி எங்கே தொடங்குகின்றது என்பதை அவர் உற்று நோக்கினார். 1987இல் 'யயாதி' தீட்டினார். தந்தையின் மூப்பை மகன் பூரு ஏற்றுத் தன் இளமையை வழங்கிய பாரதக் கதை நாம் அறிந்ததே. கக்கரின் கித்தானில் முதியவர் ஒருவர் கிடக்க, சிறகுடைய ஆண் ஒருவர் அவர்மேல் கவிகின்றார். மகன் கொடையாகத் தந்த இளமை இங்கே காதலன் தரும் இளமையாகின்றது. முதியோரிடத்து அவர் கொண்ட ஈர்ப்பும் இரக்கமும் இதில் பிரிக்க முடியாமல் கலந்துள்ளன. 1995இல் 'சகிபாவ்' என்னும் நீர்வண்ண ஓவியம். கண்ணனைக் காதலனாகக் கொண்டு ஆடவர் பெண்மை பூணும் வடநாட்டுப் பத்தி நெறியின் பெயர் அது.

இங்கே நாம் வியப்படைய வேண்டியதில்லை. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் பேசியதைப் பாடஞ்சொல்லி வருபவர்கள் நாம். ஆனால் வகுப்பறையில் ஒரு தடுப்புச்சுவரை எழுப்பிவிட்டே பாடஞ்சொல்கின்றோம்: உயிர் தலைவி, இறைவன் தலைவன், ஆகவே உடலுக்கு இங்கே வேலையில்லை. கக்கர் அச்சுவரின் மறுபக்கத்திலிருந்து வருகின்றார். உடலுக்கு வேலையுண்டு என்று அவர் கூறும்போது, பத்தியைத் தாழ்த்துவதாக நான் கொள்ளவில்லை. பத்தியின் மொழி இத்துணை சூடாக இருப்பதற்கு ஒரு காரணத்தை நினைவூட்டுகின்றார் என்றே கொள்கின்றேன். மாறுபடுவோர் இருப்பர். வட்டத்தின் அடுத்த அமர்வொன்றில் இதனை விவாதிக்கலாம்.

பெருமைகள் வந்தன. 1984இல் பத்மஸ்ரீ, 1992இல் ஜெர்மனியின் காசெல் நகரில் ஒன்பதாம் டாக்குமெண்டா கண்காட்சியில் இடம், 2000இல் நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளாஸ் விருது, 2002இல் மாட்ரிட் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் பெருங்காட்சி. 'எல்லாரையும் மகிழ்விக்க முடியாது' ஓவியத்தை டேட் நிறுவனம் 1996இல் வாங்கியது. 'பனாரசில் இரு ஆண்கள்' 2019இல் இலண்டன் ஏலத்தில் 25 இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயிற்று. கணக்கர் இருந்திருந்தால் அத்தொகையைப் பேரேட்டில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதியிருப்பாரோ!

2016ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு வரவேற்பும் இருந்தது, வசையும் இருந்தது. இலண்டன் 'கார்டியன்' நாளேட்டில் வந்த மதிப்புரை, இத்தகைய ஓவியர்க்கு இவ்வளவு பெரிய கூடமா என்னும் தொனியில் அமைந்திருந்தது. இந்தியக் கலைஞரும் திறனாய்வாளரும் மறுப்பு எழுதினர். மதிப்புரையாளரின் குறை, மேலை ஓவியத்தின் அளவுகோலை எடுத்து வந்து, வரையும் திறன் போதாது என்றதே. கம்பெனி ஓவியமும் நாள்காட்டிப் படமும் தெரியாதவர்க்கு அந்த விறைப்பு திறமையின்மையாகத்தான் தோன்றும். புகழ்ந்தோரிடத்தும் ஒரு குறையுண்டு. அவர்கள் கக்கரை இரு கூறாக வெட்டினர்: 1981க்கு முன் மறைந்திருந்தவர், பின் வெளிப்பட்டவர். இவ்வாறு வெட்டினால் முதற்கூறு வெறும் காத்திருப்பாகிவிடும். 1970களின் நடுவில் தீட்டப்பட்டு இன்று புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ள 'நெகிழிப் பூங்கொத்துடன் ஒரு மனிதன்' என்னும் ஓவியத்தைப் பாருங்கள். வாடாத, மணக்காத, யாருக்கென்று தெரியாத பூக்களை ஏந்தி, வழுக்கை விழுந்த நடுவயதினர் ஒருவர் நேராக நம்மை நோக்கி நிற்கின்றார். சொல்லப்படாத காதலைப் பற்றி இதைவிட வெளிப்படையாக எதைச் சொல்வது? மாறியது ஒளிவும் வெளிப்பாடும் அன்று. மற்றவர்மேல் வைத்த கண்ணைத் தம்மேலும் வைக்கலாம் என்று அவர் கண்டுகொண்டார். அதற்குப் பத்தாண்டுகள் சென்றன.

எழுத்திலும் இதே நடை. ஷேக்குடன் இணைந்து 1969 முதல் 1973 வரை பரோடாவிலிருந்து 'விருச்சிக்' என்னும் சிற்றிதழை நடத்தினார். 'மௌஜிலா மணிலால்' என்னும் நாடகமும், 'ஃபோரின் சோப்' முதலிய கதைகளும் குஜராத்தியில் எழுதினார். நடுத்தர வீடுகளின் சிறு ஆசைகளும் சிறு பொய்களும் அவற்றின் பொருள். காந்தியடிகளின் 'சத்திய சோதனை' எழுதப்பெற்ற மொழியும் குஜராத்தியே. தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்வதற்கு அத்தகைய முன்னோடி இருந்த மொழியிலும், இந்த ஓர் உண்மைக்கு இடமில்லாதிருந்தது.

377ஆம் பிரிவைத் தில்லி உயர்நீதிமன்றம் 2009இல் தளர்த்தியது. உச்சநீதிமன்றம் 2013இல் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் ஐவர் அமர்வு, வயதுவந்தோர் இருவரின் இசைவான உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. அப்போது கக்கர் மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வாழ்நாள் முழுவதும் அவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாகவே இருந்தார், பத்மஸ்ரீ பட்டத்துடன்.

1998இல் அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. ஐந்தாண்டுகள் அதனோடு வாழ்ந்தார், தீட்டுவதை நிறுத்தவில்லை. தம்மாற்றம் என்பது இப்போது அவர் தேர்ந்தது அன்று. உடல் தானாக மாறியது. அறுவையும் காயமும் குருதியும் கித்தானில் வந்தன. 'வயிற்றில் பாய்ந்த குண்டு' 2001ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இளநீலமும் இளஞ்சிவப்பும் சிதைந்து, தோலின் அடியில் உள்ளவை வெளியே தெரியத் தொடங்கின. இவ்வோவியங்களைப் பார்ப்பது எளிதன்று. இருப்பினும் இவற்றில் தம்மிரக்கம் இல்லை என்பது என் துணிபு. கடிகாரக்காரரை எவ்வளவு அமைதியாகப் பார்த்தாரோ அவ்வளவு அமைதியாகத் தம் நோயையும் பார்த்திருக்கின்றார். நகைச்சுவையும் போகவில்லை. 1972இல், பற்பசைப் புன்னகையோடு நின்ற கையேட்டுக்கு 'உண்மையே அழகு, அழகே கடவுள்' என்று பெயரிட்டவர், 2001இல் நோயுற்ற உடலைக் காட்டும் ஓவியம் ஒன்றுக்கு இட்ட பெயர், 'அழகு தோலளவே'. இரண்டாண்டுகளுக்குப் பின், 2003 ஆகஸ்ட் 8ஆம் நாள், பரோடாவில் அவர் காலமானார்.